சோலார், பேட்டரி வீடுகளுக்கு எந்த அளவீட்டுக் கருவி?

கடலூரிலும் புதுச்சேரியிலும் சோலார் பேனலும் பேட்டரியும் வைத்திருக்கும் வீடுகளில் இன்வெர்ட்டரின் செயலி ஒரு கணக்கையும், நெட் மீட்டர் இன்னொரு கணக்கையும், பேட்டரியின் திரை மூன்றாவது கணக்கையும் காட்டுகின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் அளப்பதால் இவை ஒத்துப்போக வேண்டியதில்லை.

செயலிக்குத் தனிச் செலவில்லை. ஆனால் பேட்டரி இல்லாத சாதாரண இன்வெர்ட்டர் தன் உற்பத்தியை மட்டுமே அறியும். அதில் எவ்வளவு வீட்டில் செலவானது என்பது அதற்குத் தெரியாது. நெட் மீட்டரோ வெளியிலிருந்து வந்ததையும் வெளியே போனதையும் மட்டும் பதிவு செய்யும். ஒரு நாளில் உற்பத்தி 12 யூனிட், வெளியே போனது 7, உள்ளே வந்தது 6 என்றால் வீட்டின் செலவு 11 யூனிட். பேட்டரி இல்லாத வீட்டுக்கு, தினமும் ஒரே நேரத்தில் இந்த எண்களைக் குறித்துவைத்தாலே போதும்; கூடுதல் கருவி வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

தண்ணீர் மோட்டாரை எந்த மணிக்கு ஓட்டினால் வெயிலின் மின்சாரமே அதற்குப் போதும் என்று அறிய விரும்புவோருக்கு வயரை வெட்டாமல் அதைச் சுற்றிக் கவ்வி மின்சாரத்தை அளக்கும் ஷெல்லி ஈ.எம். போன்ற கிளாம்ப் கருவி உதவும். அதன் இரு கிளாம்புகளில் ஒன்றை மெயின் வயரிலும் மற்றொன்றை சோலார் வயரிலும் மாட்ட வேண்டும். கிளாம்பைத் திருப்பி மாட்டினால் வரவு செலவாகவும் செலவு வரவாகவும் தெரியும் என்பதால், இரவில் வாட்டர் ஹீட்டரைப் போட்டு, மெயின் கிளாம்ப் மின்சாரம் உள்ளே வருவதாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. மும்முனை இணைப்புக்கு மூன்று ஃபேஸையும் தனித்தனியே அளக்கும் வகையே வேண்டும்.

மாறுதிசை மின்சாரத்துக்கான இந்தக் கிளாம்புகள் பேட்டரியின் நேர்திசை மின்சாரத்தை அளக்கமாட்டா. அங்கே ஷன்ட் என்னும், வயரின் இடையே இணைத்து மின்சாரத்தை அளக்கும் கருவி வேண்டும்: பேட்டரியின் நெகட்டிவ் வயர்கள் அனைத்தும் அதன் வழியே செல்லுமாறு இணைத்தால், உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்ததையும் அது கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இது மிக முக்கியம். இருப்பு பாதிக்கு மேல் இறங்கினாலும் வோல்டேஜ் பெரிதாக மாறாது என்பதால், வோல்டேஜை வைத்துச் சதவீதம் காட்டும் திரையை நம்பக்கூடாது. பேட்டரியைக் கண்காணித்துப் பாதுகாக்கும் மின்னணு அமைப்பான பி.எம்.எஸ்., இன்வெர்ட்டருடன் தகவல் கேபிளால் பேசுவதாக இருந்து, சோலாரையும் பேட்டரியையும் சேர்த்துக் கையாளும் ஹைபிரிட் இன்வெர்ட்டரின் மீட்டரும் மெயின் வயரில் பொருத்தப்பட்டிருந்தால் அதன் செயலியே போதுமானது. பழைய டியூபுலர் பேட்டரி வீட்டுக்கு நான் முதலில் ஷன்ட்டையும், பணம் மிஞ்சினால் கிளாம்பையும் பரிந்துரைப்பேன்.

இணையம் இல்லாமலும் படிக்க முடிகிறதா என்பதை விலையைவிட மேலாக வைக்கிறேன். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது போன்ற இரவுகளில் மின்சாரத்தோடு இணையமும் போகக்கூடும். வெளியூர் சர்வரை நம்பும் செயலி, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று அறிய வேண்டிய அந்த நேரத்தில்தான் ஊமையாகிவிடும். ஆகவே புளூடூத் வழியாகவோ வீட்டு வைஃபை வழியாகவோ நேரடியாகத் திறக்கும் கருவியையே வாங்க வேண்டும். அந்த வைஃபை ரௌட்டரையும் பேட்டரி இணைப்பிலேயே வைக்க வேண்டும்.