ஐந்து ரோடு எஸ்.எஸ்.பி. வகுப்பு: ‘தளபதிகளின் போர்ப் பார்வை’ பாடம் தேறுமா?

சேலம் ஐந்து ரோடு பக்கம், முப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வுக்குத் தயார்செய்யும் ஒரு வகுப்பில் நடத்தும் பாடம் இது. ஜெனரல் சுந்தர்ஜி பகுதிக்கே கட்டணம் தகும். செங்கல்பட்டில் பிறந்து, 1986 முதல் 1988 வரை தரைப்படைத் தளபதியாக இருந்தவர். காலாட்படையும் டாங்கியின் வேகத்துக்கு ஓட வேண்டும், அதற்குக் கவச வண்டி வேண்டும் என்ற அவர் வாதத்தையும், 1986-87இல் இந்தியா நடத்திய பிராஸ்டாக்ஸ் போர்ப் பயிற்சி ஏன் பாகிஸ்தானோடு நெருக்கடியானது என்பதையும் வரைபடம் போட்டு விளக்குகிறார்கள். ராஜஸ்தான் எல்லையருகே அத்தனை டாங்கிகளைக் குவித்தால், பயிற்சியா படையெடுப்பா என்று எதிரில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

பின்னாளில் முதல் முப்படைத் தலைமைத் தளபதியான பிபின் ராவத் பற்றிய பகுதி சுமார்தான். 2017இல் தரைப்படைத் தளபதியாக அவர் பேசிய ‘இரண்டரை முனைப் போர்’ (பாகிஸ்தான், சீனா, கூடவே உள்நாட்டுப் பாதுகாப்பு) வெறும் மனப்பாடம். முப்படையையும் ஒரே தளபதியின் கீழ் கொண்டுவரும் தியேட்டர் கமாண்டுக்கு விமானப்படை ஏன் தயங்கியது? இருக்கும் கொஞ்சப் போர்விமானப் பிரிவுகளையும் (ஸ்குவாட்ரன்) பிரித்துக் கொடுத்தால் தேவைப்படும் முனைக்கு உடனே திருப்ப முடியாது என்பதால். குழு விவாதத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்; அதைத் தொடவே இல்லை.

ட்ரோன் போருக்கு உதாரணமாக, அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் மோதிய 2020 நகோர்னோ-கராபாக் போரை எடுத்தது சரி. ஆனால் ‘டாங்கி செத்தது’ என்று முடிப்பது அவசரம். வான்பாதுகாப்பும், ட்ரோனின் சிக்னலை முடக்கும் ஜாமரும் கூடவே வராத டாங்கிதான் அங்கே அடிபட்டது.

லெக்சரெட் என்ற குறும்பேச்சுப் பயிற்சி கச்சிதம்: நான்கு தலைப்பில் ஒன்று, யோசிக்க 3 நிமிடம், பேச 3 நிமிடம். தலைப்பின் வரலாற்றிலேயே 2 நிமிடத்தைத் தின்பவர்களை மணியடித்து நிறுத்துகிறார்கள். தளவாட உற்பத்திக்கான தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு மையம். அதைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.