"சுத்த பெட்ரோல்" என்று கேனில் விற்கிறார்கள், வாங்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் பழைய பைக் வைத்திருக்கும் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். "எத்தனால் கலக்காத சுத்த பெட்ரோல்" என்று யாராவது கேனில் ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். தக்கலையில் இருந்து குலசேகரம் போகும் பாதையில் ஒருவர் லிட்டர் 160 ரூபாய்க்கு இதை விற்கிறார். பங்கில் 100 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் அதே பெட்ரோல்தான். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி, வண்டிக்கு ஆகாததாக்கி, கூடுதல் விலைக்கு நம் தலையில் கட்டுகிறார். என் வண்டிக்கு அதனால் வந்த செலவு 3,000 ரூபாயை நெருங்கிவிட்டது. ஆளின் பெயரையும் கடையையும் இங்கே எழுதப் போவதில்லை. அவர் செய்கிற வேலை என்னவென்று தெரிந்துவிட்டால், நாளைக்கு வேறொருவர் கருங்கலிலோ அருமனையிலோ இதையே ஆரம்பித்தாலும் உங்களுக்குப் பிடிபடும்.

இந்த வியாபாரம் ஏன் ஓடுகிறது என்றால், பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. எத்தனால் என்பது கரும்பு, தானியத்தில் இருந்து எடுக்கும் ஆல்கஹால். 2022 நடுவில் பெட்ரோலில் அது 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த இ20 சில பங்குகளில் வந்தது. 2030 என்று முதலில் வைத்திருந்த இலக்கை முன்னால் இழுத்து, 2025-இல் நாடு முழுக்க சாதாரண பெட்ரோல் என்றாலே இ20 என்று ஆக்கிவிட்டார்கள். கலக்காத பெட்ரோலும் தனியாக வேண்டும் என்று போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. ஆக, இ20-ஐத் தாங்கும்படி செய்யப்படாத, 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிக்காரர்களும் பங்குக்குப் போனால் இ20-ஐத்தான் ஊற்றிக்கொண்டு வரவேண்டும். என்னுடையது 2009 மாடல் பல்சர் 150, கார்பரேட்டர் வண்டி.

எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு, அதனால் மைலேஜ் குறையும். 2021-இல் நிதி ஆயோக்கின் நிபுணர் குழு அறிக்கையே, பழைய வகை இருசக்கர வண்டிகளுக்கு இ20-இல் 3 முதல் 4 சதவீதம் வரை குறையும் என்று சொன்னது. பழைய ரப்பர் ட்யூப், ஓ-ரிங் எல்லாம் எத்தனாலில் ஊறினால் உப்பிப்போகும், வெடிப்பு விடும். அப்புறம் எத்தனால் காற்றில் இருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு, பேச்சிப்பாறைப் பக்கம் மழை ஓய்கிற மாதமே குறைவு. இதோடு, வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற ஊர் நம்முடையது. அவருடைய பைக் வருடக்கணக்கில் ஷெட்டில் மூடிக் கிடக்கும். கார்பரேட்டருக்குள் நின்றுபோன பெட்ரோல் என்ன கதி ஆகும் என்ற கவலை அந்த வீட்டுக்காரர்களுக்கு இருக்கத்தான் செய்யும். அந்த ஆள் குறிவைத்திருப்பது இவர்களைத்தான்.

அவருடைய பேச்சு இப்படி: "கேரளாவில இருந்து வருது மக்களே. அங்க எத்தனால் கலக்குறது கெடையாது. ஒனக்க வண்டிக்கு இதத்தான் ஊத்தணும், இல்லேண்ணா ரெண்டு வருசத்தில இஞ்சின் போச்சு."

இது முழுப் பொய். கேரளாவிலும் இதே இ20-தான். அங்கே விலையும் நம் பக்கத்தைவிட அதிகம். கேரளப் பக்கத்துப் பாறசாலைக்காரர்கள் நம் எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு போவதை எல்லையில் இருக்கும் எவரும் சொல்வார்கள். விலை அதிகமான இடத்தில் வாங்கி விலை குறைந்த இடத்துக்குக் கேன் கேனாகச் சுமந்து வர யாருக்கும் அவசியம் இல்லை.

ஆனால் அவர் வாய்ப்பேச்சோடு நிற்பதில்லை, கண் முன்னால் சோதனை செய்து காட்டுகிறார். நீளமான கண்ணாடிக் குப்பி ஒன்றில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார். முதல் கோடு வரை தண்ணீர், அதற்கு மேல் பங்கில் வாங்கிய பெட்ரோல். மூடிக் குலுக்கி வைக்கிறார். கொஞ்ச நேரத்தில் அடியில் இருக்கும் தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறி நிற்கிறது. எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்வதால் வரும் உயர்வு அது. பத்துப் பங்கு இ20-க்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டால் அடிப்பகுதி ஏறக்குறைய மூன்று பங்கு வரை வரும். அடுத்து அவருடைய கேன் பெட்ரோலை அதே மாதிரி ஊற்றிக் குலுக்குகிறார். தண்ணீர் கோட்டைத் தாண்டவே இல்லை. பார்த்துக்கொண்டு நின்ற எல்லோரும் கேனை நீட்டினார்கள். நானும் வாங்கினேன்.

அந்தச் சோதனையில் பொய் இல்லை. அவருடைய பெட்ரோலில் எத்தனால் அநேகமாக இல்லைதான். அது எப்படி இல்லாமல் போனது என்பதில்தான் சூது இருக்கிறது.

தொடர்ந்து அதையே ஊற்றி ஓட்டியபோது முதலில் தெரிந்தது சத்தம். திருவட்டாரில் இருந்து மேலே ஏறும்போது, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் இஞ்சினுக்குள் சில்லறையைக் குலுக்குவது போல ஒரு கிலுகிலுப்பு. நாக்கிங். அதற்கு முன் இந்த வண்டியில் நான் கேட்டதே இல்லை. இஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகி, கால் பக்கம் அனல் அடித்தது. பிறகு காலையில் ஸ்டார்ட் ஆக அடம், சோக் போட்டாலும் இரண்டு மூன்று முறை உயிர் வந்து நின்றுபோகும். மழையில் அழகியமண்டபம் ஜங்ஷனில், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே வண்டி அப்படியே அணைந்தது. பின்னால் என் மகள் உட்கார்ந்திருந்தாள். இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த நிமிடம்தான் காரணம்.

தக்கலையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பெட்ரோல் எங்க அடிச்ச?" என்பதுதான். தண்ணீர் பாட்டிலின் மேல் பாதியை வெட்டிவிட்டு, அடிப் பாதியைக் கார்பரேட்டருக்குக் கீழே பிடித்து ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். ஃப்ளோட் பவுலில், அதாவது கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் சின்னக் கிண்ணத்தில், இருந்தது மொத்தமும் அதில் இறங்கியது. வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடியில் தண்ணீர் தனித்தனி முத்தாக உருண்டுகொண்டிருந்தது, மேலே இருந்த பெட்ரோல் தெளிவாக இல்லாமல் லேசாகக் கலங்கியிருந்தது. டேங்க்கைக் கழற்றி ஊற்றியபோது இன்னும் வந்தது, கூடவே செம்பழுப்பாகத் துருத்தூள். "டேங்கில தண்ணி கெடந்திருக்கு, அடி முழுக்கத் துரு பிடிச்சாச்சு" என்றார். ஃப்ளோட் நீடில், பைலட் ஜெட், பெட்ரோல் டேப், ட்யூப் எல்லாம் மாற்றி, டேங்க்கை உள்ளே கழுவி, ஸ்பார்க் பிளக்கும் புதிது போட்டதில்தான் மேலே சொன்ன செலவு.

கேன் பெட்ரோல் என்று நான் சொன்னதும், "கழுவுன சாதனம்டே அது" என்றார். வேறு இரண்டு வண்டிகள் இதே கோளாறோடு அவரிடம் வந்திருக்கின்றன.

நேரே அந்த இடத்துக்கே போனேன். கடைக்குப் பின்னால் ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகை மாதிரி ஒன்று. உள்ளே அடியில் குழாய் வைத்த வெள்ளை பிளாஸ்டிக் டிரம் இரண்டு நின்றன. பங்கில் இருந்து வாங்கி வந்த இ20-ஐ டிரம்மில் ஊற்றி, தண்ணீர் விட்டுக் கம்பால் கலக்கி, தெளிய விடுவார்களாம். எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் இறங்கியதும் குழாயைத் திறந்து ஓடையில் விடுவது, மேலே மிஞ்சியதைக் கேனில் பிடிப்பது. அங்கே வேலை செய்யும் பையனே, நான் மெக்கானிக் என்று நினைத்து, இதையெல்லாம் விளக்கிச் சொன்னான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லிட்டர் வாங்க 1,000 ரூபாய் சொச்சம். எத்தனால் போக மிஞ்சுவது 8 லிட்டர் அளவு. அதை 160 வீதம் விற்றால் 1,280. நாளெல்லாம் டிரம் நிறைந்தால் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஓடையில் போவது யார் கிணற்றில் ஊறும் என்பது வேறு விஷயம்.

முதலாளி வந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "எத்தனால் இல்லேண்ணுதான சொன்னேன், இல்லல்லா? பின்ன என்ன?" என்றார். பில் கேட்டதற்கு, "பெட்ரோலுக்கு எவன்டே பில் போடுவான்" என்று உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்ன "எத்தனால் இல்லை" என்பதற்கு எஞ்சினைப் பொறுத்தவரை என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். ஆக்டேன் என்பது நாக்கிங் வராமல் எரியும் திறனுக்கான அளவு. 2025 ஆகஸ்டில் பெட்ரோலியம் அமைச்சகம் கொடுத்த விளக்கத்திலேயே எத்தனாலுக்குச் சுமார் 108.5 என்றும் பெட்ரோலுக்கு 84.4 என்றும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த இ20-க்கு 95. அந்த 95-க்குள் எத்தனாலின் பங்கு பெரிது. கழுவி எத்தனாலை எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஆக்டேன் செத்த பெட்ரோல். நம்மூர் ஏற்றத்தில் பல்சர் மாதிரி அழுத்தம் கூடிய இஞ்சினில் அதை எரித்தால், பிளக் பொறி விடும் முன்னும் பின்னும் கண்டபடி வெடித்து பிஸ்டனை அடிக்கும். எனக்குக் கேட்ட சத்தம் அதுதான். இன்னொன்று தண்ணீர். டிரம்மில் கலக்கும்போது பெட்ரோலுக்குள் நுண்துளியாகச் சிதறும் தண்ணீர் முழுதாகத் தெளிவதே இல்லை. இ20-ஆக இருந்தால் கொஞ்சம் தண்ணீரை எத்தனால் தன்னோடு கரைத்து எரிய விட்டுவிடும். எத்தனால் போன பெட்ரோலில் தண்ணீர் கரைய இடமில்லை, நேரே டேங்க் அடியில் போய் உட்கார்ந்து இரும்பைத் தின்னும். எத்தனாலுக்குப் பயந்து கொடுத்த காசுக்கு, எத்தனாலைவிடக் கெட்டதை ஊற்றிக்கொடுக்கிறார்கள்.

யூடியூப் பார்த்து வீட்டிலேயே இதைச் செய்ய நினைக்கிறவர்களும் விட்டுவிடுங்கள். பலன் இதேதான், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. சின்னக் குப்பியில் வரும் "எத்தனால் நீக்கி" ஆடிட்டிவ்களும் அப்படித்தான். ஊற்றி எத்தனாலை மறையச் செய்கிற மருந்து எதுவும் கிடையாது.

பழைய கார்பரேட்டர் வண்டிக்கு மெக்கானிக் அண்ணன் சொன்னதையும் நான் இப்போது செய்து வருவதையும் சொல்கிறேன். பங்கு பெட்ரோலையே அடியுங்கள், ஆனால் ரப்பர் சாமான்களை மாற்றிவிடுங்கள். பழைய வண்டிகளில் 20,000 – 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்கள் மாற்ற வேண்டி வரலாம் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பெரிய செலவும் கிடையாது. டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைத்தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பெட்ரோலுக்குள் இறங்கும். சைக்கிள் கம்பியை விட்டு அதைத் திறந்து வையுங்கள், மழைக்காலம் முழுக்க. வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள் டேங்க்கைக் காலி செய்து, ஃப்ளோட் பவுலையும் வடித்துவிட்டுப் போங்கள். பங்கிலேயே சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் சோதனையும், அடர்த்திச் சோதனையும், 5 லிட்டர் அளவைச் சோதனையும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள். வெள்ளம் ஏறி வடிந்த பங்கில் மறுநாளே போய் அடிக்காதீர்கள்.

சட்டமும் அவர் பக்கம் இல்லை. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒருவர் வைத்திருக்கக் கூடிய பெட்ரோல் 30 லிட்டர்தான், அதுவும் விற்பனைக்காக இருக்கக் கூடாது. அந்தக் கொட்டகையைச் சுற்றி வீடுகள் இருக்கின்றன.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். அதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கு போடலாம் என்று இருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்கு உள்ளே இருந்தால் வழக்குக் கட்டணமே கிடையாது. அவரிடம் வாங்கியவர்கள் யாரிடமாவது கேனில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாதீர்கள், வண்டியிலும் ஊற்றாதீர்கள். வெயில் படாமல் பத்திரமாக மூடி வைத்து, மெக்கானிக் பில்லையும் எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள். ஒருவர் மனுவைவிட நாலு பேர் மனுவுக்கு அதிகாரிகள் சீக்கிரம் வண்டி எடுப்பார்கள்.