உப்புக்காற்றில் உழைத்த பை: சைக்கிளில் கமரா கொண்டு திரிபவர்களுக்கு

எந்தக் கமராப் பை நல்லது என்று யாராவது கேட்டால், "நீங்கள் எந்தப் பக்கம் சைக்கிள் ஓடுறீங்கள்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். கொழும்பில் பஸ்ஸில் ஏறி இறங்குபவருக்கு வருடக்கணக்காக உழைக்கும் பை, உப்புவெளியிலிருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று கடலோரமாக மிதிப்பவருக்கு இரண்டு மாரியைத் தாண்டுவதே கஷ்டம். மழைதான் பையைக் கெடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். திருகோணமலையில் மழையை விட உப்பும் வியர்வையும் வெயிலும்தான் அதைத் தின்கின்றன. மழை சில மாதங்களுக்குத்தான், மற்ற மூன்றும் வருடம் முழுக்க உண்டு.

நான் பாவிப்பது 6 லீற்றர் அளவான ஸ்லிங் பை, ஒற்றைத் தோளில் குறுக்காகப் போடுவது. ஒரு மிரர்லெஸ் கமரா, அதில் பூட்டிய 24-105 லென்ஸ், பக்கத்து அறையில் தூரத்துப் படத்துக்கு ஒரு 70-300 லென்ஸ், மேலதிக பற்றரி, துடைக்கும் துணி. எல்லாம் சேர்த்து 2 கிலோவுக்குச் சற்று மேலே வரும். பல வருடமாகக் காலையிலும் பின்னேரத்திலும் என் முதுகில் இருப்பது இதுதான். கம்பனிப் பெயரை நான் எழுதவில்லை. அந்த மொடல் இப்போது மாறிவிட்டது, இந்த வகைப் பைகள் எல்லாமே இரண்டொரு வருடத்துக்கொருமுறை மாறுகின்றன. பை எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் எந்தக் கடையிலும் தேர்ந்தெடுக்கலாம்.

"கரியரில் கட்டிக்கொண்டு போனால் முதுகுக்குச் சுகம்தானே" என்பார்கள். முதுகுக்குச் சுகம்தான், கமராவுக்கு இல்லை. கன்னியா வெந்நீரூற்று வரைக்கும் நல்ல தார் ரோட்டு. அங்கிருந்து உள்ளே குளக்கட்டுப் பக்கம் திரும்பினால் கிரவல். பின்சில்லு விழுந்தெழும்பும் ஒவ்வொரு முறையும் அந்த அடி நேரே கரியருக்குப் போகிறது. இப்போதைய லென்ஸ்கள் பலவற்றில், கை நடுக்கத்தைச் சமப்படுத்துவதற்காகக் கண்ணாடி ஒன்று உள்ளே அசையக்கூடியதாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பல கமராக்களில் சென்சாரும் அப்படித்தான். மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் ஐபோனைப் பூட்டி ஓடினால் எஞ்சின் அதிர்வு அதன் கமராவைப் பழுதாக்கக்கூடும் என்று அப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. சைக்கிளின் அதிர்வு அவ்வளவு கடுமையானதல்ல. ஆனாலும் என் கமராவை நான் உடம்பில்தான் வைத்திருப்பேன். இடுப்பும் முழங்காலும் வாங்கிக்கொள்ளும் குலுக்கலை எந்த ஸ்பொஞ்சும் வாங்காது.

ஹாண்டிலில் பூட்டும் பைகளில் ஜேர்மனியின் ஓர்ட்லீப் தயாரிப்பு நல்ல சாமான். கமரா வைப்பதற்கென்று தனி உள்ளறையும் அதற்கு விற்கிறார்கள். நல்ல ரோட்டில் மட்டும் ஓடுபவர், சின்ன லென்ஸ் வைத்திருப்பவர் தாராளமாக எடுக்கலாம். 70-300 போன்ற பாரத்தை முன்னுக்குப் போட்டால் ஹாண்டில் இழுக்கும். கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும் நாட்களில் எனக்கு அது பிடிக்கவில்லை.

இரட்டைத் தோள் முதுகுப்பை பாரத்தைச் சரியாகப் பிரிக்கும், உண்மைதான். ஆனால் படம் எடுக்க ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மான்கள் மரநிழலில் நிற்கும். சைக்கிளை நிறுத்தி, பையைக் கழற்றி, நிலத்தில் வைத்துத் திறப்பதற்குள் மான் திரும்பிவிடும். ஸ்லிங் என்றால் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பையை முன்னுக்கு இழுத்தால் போதும், கமரா கைக்கு வந்துவிடும். முதுகு வியர்வையும் குறைவு. மே தொடங்கி ஆவணி வரை இங்கே மதிய வெயிலில் மிதித்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஸ்லிங்கில் ஒரு குறை உண்டு. குனிந்து மிதிக்கும்போது பை மெதுவாக வழுக்கி வயிற்றுப் பக்கம் வந்து தொடையில் இடிக்கும். இதற்காகத்தான் துணைப் பட்டி என்று ஒன்று இருக்கிறது. அக்குளுக்குக் கீழாக வந்து பிரதான பட்டியில் கொளுவும் மெல்லிய பட்டி. அது பூட்டியிருந்தால் பை முதுகை விட்டு அசையாது, படமெடுக்க ஒரு விரலால் கழற்றலாம். அந்தப் பட்டி இல்லாத ஸ்லிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் சைக்கிள்காரருக்கு உதவாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

இனி உழைப்புப் பற்றி. என் பையில் முதலில் களைத்தது வாயை இழுத்துப் பூட்டும் சிப் (zip). பற்கள் நைலோன் சுருள் என்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றின் மேல் ஓடும் உலோகத் தலைதான் போனது. கரைவலை இழுப்பதைப் படமெடுக்கப் போய் நின்றால் பையில் மணலும் உப்பும் ஒன்றாகப் படியும். மூலையில் சிப் திரும்பும் இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு காயும். அதைக் கவனிக்காமல் இழுக்க இழுக்க, உள்ளே மணல் அரைத்துத் தலையின் வாய் அகன்றுவிடும். பிறகு சிப் பூட்டியது போலத் தோன்றும், பின்னால் பற்கள் பிரிந்தே இருக்கும். சைக்கிளில் போகிறவருக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. குறட்டால் தலையின் இரண்டு பக்கத்தையும் மெதுவாக நெரித்தால் கொஞ்சக் காலம் ஓடும். அதற்குப் பிறகு தலையை மட்டும் மாற்றலாம், முழுச் சிப்பையும் மாற்றத் தேவையில்லை. வாங்கும்போதே தலையில் ஜப்பான் கம்பனியான வைகேகேயின் YKK எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, அதற்கு மாற்றுத் தலை தேடுவது சுலபம்.

கடலோரம் போய் வந்த அன்றே, கமராவை வெளியே எடுத்துவிட்டு, நல்லதண்ணீரில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் சிப்பை ஒருதரம் தேய்த்து நிழலில் காயவிடுவேன். காய்ந்தபின் மெழுகுதிரியைப் பற்களின் மேல் உரசினால் வழுவழுவென்று ஓடும். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம், மணல் முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, பட்டி பையோடு சேரும் மூலை. ஒருநாள் அங்கே நூல் பிசிறியிருந்ததைக் கண்டு, நகரில் சப்பாத்துத் தைக்கும் ஐயா ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, பட்டியை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

"தம்பி, துணி இன்னும் கனகாலம் இருக்கும். நூல்தான் போயிட்டுது. வெயில் குடிச்ச நூல்."

"வேற நூல் போடலாமோ ஐயா?"

"போடலாம். உள்பக்கம் ஒரு துண்டு வச்சுத்தான் தைக்கவேணும். வெறும் துணியில குத்தினா திரும்பவும் கிழிக்கும்."

மெழுகு பூசிய தடித்த நூலால், உள்ளே நைலோன் பட்டித் துண்டு ஒன்றை வைத்து, சதுரமாக ஓட்டி நடுவில் குறுக்காகவும் இரண்டு கோடு தைத்துத் தந்தார். அந்த மூலை இன்றுவரை அசையவில்லை. நல்ல பைகளில் இந்தச் சதுரமும் குறுக்குக் கோடும் கம்பனியிலேயே வரும், உள்ளே தாங்கு துணியும் இருக்கும். அந்த இடத்தை உள்ளுக்குக் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஒற்றை மடிப்புத் துணிதான் விரலில் பட்டால் அந்தப் பையை வைத்துவிடுங்கள்.

துணியைப் பற்றிக் கடைக்காரர்கள் டெனியர் கணக்குச் சொல்வார்கள். 9000 மீற்றர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 1000 டெனியர் என்றால் அந்த நீள நூல் ஒரு கிலோ. சைக்கிளுக்கு 500 போதும் என்பது என் எண்ணம், அதற்கு மேல் போனால் வெறும் பாரம்தான். உரசலுக்கு நைலோன் நல்லது, வெயிலுக்குப் பொலியெஸ்டர் தாக்குப்பிடிக்கும். நாள் முழுக்க வெயிலில் கிடக்கும் பைக்கு இந்த வித்தியாசம் முக்கியம். நிறத்தில் சாம்பல் அல்லது மண் நிறம் எடுங்கள், கறுப்பு நிலாவெளி வெயிலில் கொதிக்கும்.

துணியின் உட்பக்கத்தில் தண்ணீர் புகாமல் பூசியிருக்கும் பொலியூரதேன் பூச்சு எங்கள் சூட்டிலும் ஈரத்திலும் காலப்போக்கில் பிசுபிசுத்து உரியும். பையை ஈரத்தோடு அலுமாரியில் பூட்டி வைத்தால் இது சீக்கிரம் நடக்கும். என் பையின் அடிப்பகுதியில் இப்போது உரியத் தொடங்கியிருக்கிறது. ஆகவே மாரியில் நான் பூச்சை நம்புவதில்லை, மேலே போடும் மழை உறையைத்தான் நம்புகிறேன். ஓர்ட்லீப் கம்பனியின் தொடக்கமே லொறிப் படங்குத் துணியில் தைத்த சைக்கிள் பைதான், 1982இல். பிறகு வந்த அவர்களின் நீர்புகாப் பைகளில் தையலுக்குப் பதில் சூட்டில் ஒட்டிய பொருத்து. அடைமழையில் மிதிக்கத்தான் வேண்டும் என்பவர் அந்த வகையைத் தேடட்டும். கன்வஸ் துணிப் பைகளில் எனக்கு மரியாதை உண்டு. ஜிம் டொம்கி என்ற அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் 1970களில் அமைத்த கன்வஸ் பையை இன்றும் பலர் விரும்புகிறார்கள். ஆனால் கார்த்திகை மாதத்தில் நனைந்த கன்வஸ் இங்கே காய நாளெடுக்கும், அந்த ஈரம் லென்ஸுக்கு ஆகாது.

லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது பயணத்தில் இல்லை, வீட்டில்தான். கமராவைப் பைக்குள்ளேயே வைத்துத் தூங்கப் போகாதீர்கள். ஸ்பொஞ்ச் குடித்த ஈரமும் வியர்வையும் இரவிரவாக அங்கேயே நிற்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஈரம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. பை தனியாக, வாய் திறந்தபடி, காற்றோட்டமான இடத்தில் தொங்கட்டும்.

கோட்டைக்குள் இராணுவ முகாமும் உண்டு. பையைத் திறந்து காட்டச் சொன்னால், மூடி முழுதாக விரிந்து உள்ளிருப்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும் பை இரு தரப்புக்கும் வசதி.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் கமராவையும் பெரிய லென்ஸையும் கொண்டு போய், பைக்குள் வைத்து, பட்டியை இறுக்கி, சைக்கிள் ஹாண்டிலைப் பிடிப்பது போல் குனிந்து நில்லுங்கள். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். பிறகு ஒற்றைக் கையால் முன்னுக்கு இழுத்துத் திறந்து கமராவை எடுத்துப் பாருங்கள். மற்றக் கையும் தேவைப்பட்டால் வேறு பை கேளுங்கள்.