பீரோவில் பூட்டிய சிவப்பு மை: மூடிலில் ஆறு செமஸ்டர் அசைன்மென்ட் வாங்கித் திருத்திய அனுபவம்

எங்கள் தமிழ்த்துறை அறையில் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. கீழ்த்தட்டு இரண்டிலும் சணல் கயிறு போட்டுக் கட்டிய அசைன்மென்ட் கட்டுகள். பத்து வருடமாக அவற்றில் சிவப்பு மையில் நான் எழுதிய குறிப்புகளை, யாருக்காக எழுதினேனோ அந்தப் பிள்ளைகள் படித்ததே இல்லை. மதிப்பெண்ணை ஏட்டில் ஏற்றிவிட்டுக் கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவோம். யாராவது சரிபார்க்க வந்தால் காட்ட வேண்டுமே என்று திருப்பிக் கொடுக்கமாட்டோம். நூறு மதிப்பெண்ணில் 25 இன்டர்னல். அந்த 25-இல் ஏன் 14 கிடைத்தது என்று தெரியாமலேயே ஒரு பிள்ளை பட்டம் வாங்கிப் போய்விடும். இது என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. 2022 ஜூலையில், அசைன்மென்ட்டை இணையத்திலேயே வாங்கித் திருத்தித் திருப்பிக் கொடுக்க உதவும் மூடில் என்ற மென்பொருளுக்கு மாறியதற்குக் காரணம் இந்த உறுத்தல்தான்.

வேலூர்ப் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வேலை செய்கிறேன். முதலாண்டுக்குப் பகுதி ஒன்று தமிழ், முதுகலைக்குக் கல்வெட்டியலும் நாட்டுப்புறவியலும் எடுக்கிறேன். வடஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது, வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் வருவதோ இன்றைக்கும் பழைய வடஆற்காடு முழுவதிலுமிருந்துதான்: குடியாத்தம், ஆரணி, ஆற்காடு, ஒடுகத்தூர், தண்டராம்பட்டு. பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. லேப்டாப் வைத்திருப்பவர்களைக் கைவிட்டு எண்ணிவிடலாம். எல்லாமே போனில்தான் நடக்க வேண்டும்.

மூடில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் மார்ட்டின் டூகியமாஸ் என்பவர் உருவாக்கியது. முதல் பதிப்பு 2002-இல் வந்தது. கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் கிடையாது, சர்வர் வாடகை மட்டும்தான் செலவு. கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைத் தம்பி ஒருவர் 4.0 பதிப்பை நிறுவிக் கொடுத்தார். நிறுவ ஒரு மாலைதான் ஆனது. அதைச் சரியாக அமைத்து முடிக்க ஒரு செமஸ்டர் முழுக்கப் போனது.

முதல் அசைன்மென்ட்டைத் திங்கள் காலை 9 மணிக்குத் திறப்பதாக அறிவித்தேன். 9 மணிக்குப் பிள்ளைகள் போன் மேல் போன். "மேடம், அப்லோடு பட்டனே வரல." எனக்கும் காரணம் புரியவில்லை. மதியம் 2.30-க்குத் தானாகவே திறந்துகொண்டது. ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைப் பார்த்ததும் தம்பி கண்டுபிடித்துவிட்டார்: சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தளத்தின் நேர மண்டலத்தை ஏஷியா கொல்கத்தா என்று மாற்றி, பயனர்கள் தனித்தனியாக மாற்றிக்கொள்ள முடியாதபடி கட்டாயமாக்கினோம். இது தெரியாமலேயே கடைசி நாள் வரை போயிருந்தால் இரவு 11.59-க்கு மூட வேண்டியது விடியற்காலை 5.29-க்கு மூடியிருக்கும்.

அடுத்தது கோப்பின் அளவு. கையால் எழுதி, போனில் படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்றுகிறார்கள். பத்துப் பக்கம் எழுதினால் 12 எம்பி வந்துவிடுகிறது. மூடிலை எழுதியிருக்கிற பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு கோப்புக்கு இயல்பாக இருப்பது வெறும் 2 எம்பி. அதை 20 ஆக்கிய பிறகும் ஏறவில்லை. பிஎச்பி அமைப்பு, தளத்தின் பொது அமைப்பு, பாடத்தின் அமைப்பு, அசைன்மென்ட்டின் அமைப்பு என்று நாலு இடத்தில் வரம்பு உண்டு, நாலில் எது சின்னதோ அதுதான் செல்லும். நாலையும் பார்த்துச் சரிசெய்த பிறகும், ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளையில் எடுக்கச் சொல்லி வகுப்பிலேயே ஒரு மணி நேரம் செய்து காட்டினேன். ஜவ்வாது மலையிலிருந்து ஒடுகத்தூர் வரை இறங்கிவந்து சிக்னல் பிடித்து ஏற்றுகிற பிள்ளைக்கு 12 எம்பிக்கும் 2 எம்பிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பஸ்ஸைத் தவறவிடுவது.

தேதிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூடிலில் டியூ டேட் வேறு, கட் ஆஃப் டேட் வேறு. டியூ டேட் தாண்டினாலும் வாங்கிக்கொள்ளும், தாமதம் என்று குறித்துவைக்கும், அவ்வளவுதான். கட் ஆஃப் தாண்டினால் வாங்காது. முதல் செமஸ்டரில் கட் ஆஃபை வெறுமையாக விட்டுவிட்டேன். செமஸ்டர் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதுகூட அசைன்மென்ட் வந்துகொண்டே இருந்தது. இப்போது இரண்டுக்கும் நடுவில் மூன்று நாள் விடுகிறேன். உடம்பு சரியில்லாதவர்களுக்கும் வீட்டில் சாவு விழுந்தவர்களுக்கும் ஆள்வாரியாகக் கால நீட்டிப்பு கொடுக்கலாம், அது கட் ஆஃபையும் தாண்டிச் செல்லும். நள்ளிரவுக் கெடுவை நான் விட்டே விட்டேன். கடைசி ஒரு மணி நேரத்தில் நூற்று முப்பது பேர் ஒன்றாக ஏற்றினால் சர்வர் திணறுகிறது, அந்த நேரத்தில் சந்தேகம் கேட்கவும் ஆள் கிடையாது. புதன்கிழமை மாலை 6 மணி வைத்திருக்கிறேன். பிரவுசிங் சென்டர் திறந்திருக்கும், நானும் போனை எடுப்பேன்.

இன்னொரு அமைப்பு பல பேரைக் கண்ணீர் விட வைத்தது. கோப்பை ஏற்றிய பிறகு சப்மிட் பட்டனையும் அழுத்த வேண்டும் என்று கேட்கிற அமைப்பு அது. நான் அதை ஆன் செய்து வைத்திருந்தேன். பதினேழு பேர் கோப்பை ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள். என் பக்கம் டிராஃப்ட் என்றே நின்றது. "மேடம், நான் ஏத்திட்டேன், ஸ்கிரீன்ஷாட்கூட இருக்கு" என்று ஒரு பெண் வராந்தாவில் நின்று அழுதாள். அவள் மேல் ஒரு தவறும் இல்லை. அன்றைக்கே அந்த அமைப்பை எடுத்துவிட்டேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தமிழ் எழுத்துரு பற்றித் தமிழ்த்துறைக்காரி சொல்லாமல் விடமுடியாது. ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் டிடிபி கடைகளில் இன்னும் பாமினி, வானவில் என்கிற பழைய எழுத்துருக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடையில் பாமினியில் தட்டச்சு செய்து வாங்கிவந்த வேர்டு கோப்பை என் கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். எந்தக் கோப்பு வகை செல்லும் என்று மூடிலில் கட்டுப்படுத்தலாம். பிடிஎஃப் மட்டும் என்று வைத்தேன். கையெழுத்துக்குத் தடை இல்லை, தட்டச்சு என்றால் போன் கீபோர்டில் ஒருங்குறி. போனில் வாட்ஸப் செய்கிற விரலுக்கு அது பழக்கம்தான், ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

இனி திருத்துவது. இதற்காகத்தான் இவ்வளவு பாடும். பிடிஎஃப் திரையில் பக்கம் பக்கமாக விரிகிறது. கோடு போடலாம், வட்டம் போடலாம், டிக் அடிக்கலாம், ஓரத்தில் மஞ்சள் பெட்டியில் குறிப்பு எழுதலாம். இது வேலை செய்ய சர்வரில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் இருக்க வேண்டும், அதன் இருப்பிடத்தையும் மூடிலுக்குக் காட்டிவிட வேண்டும். க்ரான் என்கிற பின்னணி வேலை நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். எங்களுக்கு அது நின்றுபோய், இரண்டு வாரம் ஒருவருக்கும் அறிவிப்பு மெயில் போகவில்லை. அடிக்கடி எழுதுகிற குறிப்புகளைச் சேமித்துவைத்துத் தேவைப்படும் இடத்தில் ஒட்டலாம். ‘வல்லினம் மிகும்’, ‘சான்று எங்கே?’, ‘இது யார் சொன்னது?’ என்று என்னிடம் நாற்பது குறிப்புகள் இருக்கின்றன. ஆரம்பத்தில் ஒரு தாளுக்குப் பதினைந்து நிமிடம் ஆனது, இப்போது ஏழெட்டு நிமிடம். காகிதத்தைவிட வேகம் என்று சொல்லமாட்டேன். சாயங்காலம் கண் எரிகிறது, அதுவும் உண்மை.

ரூப்ரிக், அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று காட்டும் அட்டவணை, போட்டுத் திருத்துவதை எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். கள ஆய்வு, சான்று, மொழிநடை, அமைப்பு என்று நாலு வரிசை, ஒவ்வொன்றுக்கும் நாலு படி. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரியும். "எனக்கு ஏன் குறைச்சிட்டீங்க?" என்ற கேள்வி போய், "சான்றுல ரெண்டாம் படி கொடுத்திருக்கீங்க, மூணாம் படிக்கு என்ன பண்ணணும்?" என்று கேட்கிறார்கள். பெயர் மறைத்துத் திருத்தும் வசதியும் உண்டு. நான்தான் முன்பு கோப்புக்குப் பெயரும் ரிஜிஸ்டர் நம்பரும் வைக்கச் சொல்லியிருந்தேன். அதை நிறுத்திய பிறகுதான் அந்த வசதிக்குப் பொருள் வந்தது. மதிப்பெண்ணைப் போட்டவுடனே மாணவருக்குத் தெரிந்துவிடாமல் இருக்க மார்க்கிங் வொர்க்ஃப்ளோவையும் ஆன் செய்யுங்கள். துறைத்தலைவர் பார்த்த பிறகு மொத்த வகுப்புக்கும் ஒரே நேரத்தில் வெளியிடலாம்.

போன ஆண்டு முதுகலையில் நடுகல் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். தண்டராம்பட்டுப் பையன் ஒருவன் எடுத்தனூர் நடுகல்லை எடுத்துக்கொண்டான். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் அது. எருமைகளைக் காக்கப் போராடி விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. பையன் வீரனைப் பற்றி மூன்று பக்கம் நன்றாகவே எழுதியிருந்தான். ஒட்டியிருந்த புகைப்படத்தில் வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாயைச் சுற்றி வட்டம் போட்டு, ‘இவனுக்கும் கல்வெட்டில் பெயர் இருக்கிறது, படித்துப் பார்’ என்று பெட்டியில் எழுதிவிட்டு, மறுமுறை சமர்ப்பிக்கத் திறந்துவிட்டேன். நாலாம் நாள் திரும்பி வந்தது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்வதைப் படித்து எழுதியிருந்தான். தன் வீட்டுப் பட்டியில் நாய் எந்தப் பக்கம் படுக்கும், ஏன் அந்தப் பக்கம் என்று ஆயாவிடம் கேட்டு இரண்டு பக்கம் கூடுதலாகவும் சேர்த்திருந்தான்.

காகிதத்தில் வட்டம் போட்டிருந்தால் அந்தக் கட்டு பீரோவுக்குள் போயிருக்கும்.

குறைகள் தீர்ந்துவிடவில்லை. அமைப்புப் பக்கம் நீளமோ நீளம். புதிதாக வரும் ஆசிரியர் எதைத் தொடுவது, எதை விடுவது என்று திகைத்துப்போகிறார். அதனால் சரியாக அமைத்த ஒரு அசைன்மென்ட்டை மாதிரியாக வைத்து, நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றச் சொல்கிறோம். பழைய செமஸ்டர் கோப்புகளால் சர்வர் நிறைகிறது. செமஸ்டர் முடிந்ததும் மொத்தத்தையும் பதிவிறக்கி இரண்டு ஹார்டுடிஸ்கில் வைக்கிறோம். போன் இல்லாமல் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய தாளை வகுப்பில் வாங்கி நானே ஸ்கேன் செய்து அவர்கள் பெயரில் ஏற்றுகிறேன். குறிப்புகளை அச்செடுத்து, வியாழக்கிழமை வகுப்பில் கையில் கொடுத்துவிடுகிறேன்.