விரிவுரைக் கூடத்தின் ஒலியமைப்பு: கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேர எதை வாங்குவது?

விரிவுரைக் கூடத்தின் ஒலியமைப்பை மாற்றுவது என்று முடிவானதும் கல்லூரிக் கொள்முதல் குழுவின் மேசைக்கு வரும் விலைப்புள்ளிகள் பெரும்பாலும் வாட் கணக்கில்தான் பேசுகின்றன. நான் உறுப்பினராக இருந்த ஒரு குழுவும் அந்தக் கணக்கை நம்பியே முடிவெடுத்தது. முன்பிருந்ததைவிட இருமடங்கு ஆற்றல் கொண்ட இரண்டு பெரிய பெட்டிகள் மேடையின் இருபுறமும் வந்து நின்றன. முதல் வரிசை மாணவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கடைசி வரிசையில் இருந்தவர்கள், "சத்தம் நல்லா கேக்குது சார், என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்றார்கள். அவர்கள் சொன்னதற்குக் காரணம் தேடிப்போனபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே ஒப்பீடாக எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒரு கூடத்தை வைத்துக்கொள்வோம். நீளம் 18 மீட்டர், அகலம் 12 மீட்டர், உயரம் 5 மீட்டர், 240 இருக்கைகள், சிமெண்ட் பூச்சுச் சுவர்கள், கான்கிரீட் கூரை, மொசைக் தரை, மரப் பெஞ்சுகள், தலைக்கு மேலே மின்விசிறிகள். தமிழ்நாட்டில் கல்லூரி படித்த எவருக்கும் இது பழகிய இடம்தான். இதன் கன அளவு 1,080 கன மீட்டர்.

1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதே சிக்கல் எழுந்தது. புதிதாகக் கட்டப்பட்ட ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் யார் பேசினாலும் புரியவில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பேச்சு நின்ற பிறகும் அந்த அறையில் ஒலி ஏறக்குறைய ஐந்தரை நொடி தங்கியிருந்தது. அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் சுமந்துவந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒலி எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்று அவர் அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரத்தை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்: கன மீட்டரில் உள்ள கன அளவை 0.161ஆல் பெருக்கி, கூடத்தில் ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபெல் அடங்க எத்தனை நொடி ஆகும் என்று தெரியும். இதை எதிர்முழக்க நேரம் என்கிறோம்.

நம் கூடத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பூச்சுச் சுவரும் மொசைக்கும் ஒலியை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி அனுப்புபவை. ஆள் இல்லாதபோது உறிஞ்சும் பரப்பு சுமார் 40 சதுர மீட்டர் என்று கொண்டால் எதிர்முழக்கம் 4.3 நொடி வருகிறது. 60 மாணவர்கள் வந்தமர்ந்தால் அது 2.7 நொடியாகிறது, 240 பேரும் நிறைந்தால் 1.2 நொடிக்கு இறங்குகிறது, ஏனென்றால் மனித உடலும் உடையும் நல்ல உறிஞ்சிகள். ஆகவே திறப்பு விழா நாளில் நிறைந்த அவையில் நன்றாகக் கேட்ட ஒலியமைப்பு, 60 பேர் மட்டும் வரும் வழக்கமான வகுப்பில் குழம்பிப்போவதில் வியப்பில்லை. வகுப்பறைகளுக்கான அமெரிக்கத் தர நிர்ணயம் 283 கன மீட்டர் வரையிலான அறைக்கு 0.6 நொடியையும் 566 கன மீட்டர் வரையிலான அறைக்கு 0.7 நொடியையும் உச்ச வரம்பாக வைக்கிறது. நம் கூடம் அதைவிடப் பெரியது என்பதால் ஒரு நொடிக்குள் வந்தாலே போதும் என்பது என் கருத்து.

எதிர்முழக்கம் தமிழைப் பாதிக்கும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'படம்' என்பதற்கும் 'பட்டம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு, இரட்டை டகரத்துக்கு முன்னால் நாக்கு ஒலியை அடைத்து நிறுத்தும் அந்தச் சிறு மௌனத்தில்தான் இருக்கிறது. கூடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் முந்தைய உயிரொலியின் வால் அந்த மௌனத்தை நிரப்பிவிட்டால் இரண்டு சொற்களும் நெருங்கிவிடுகின்றன. 'பத்து', 'பட்டு', 'பற்று' ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் மெய்யொலியும் நொடிப்பொழுதில் வந்து மறைவது; கலை, களை, கழை பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒலிபெருக்கியின் சத்தத்தை ஏற்றினால் சொல்லோடு சேர்ந்து இந்த வாலும் அதே அளவு ஏறும். நேராக வரும் ஒலிக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிக்கும் உள்ள விகிதம் மாறவே மாறாது. வாட் கணக்கு ஏமாற்றும் இடம் இதுதான்.

முதல் தேர்வு, மேடையின் இருபுறமும் வைக்கும் பெரிய பெட்டிகள். விலை மிதமானது, பொருத்துவது எளிது, பழுதானால் எந்த ஊரிலும் சரிசெய்ய ஆள் கிடைப்பார். ஆண்டு விழாப் பாட்டுக்கு இதற்கு இணை இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் நேர் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. 2 மீட்டரில் அமர்ந்திருப்பவருக்கும் 16 மீட்டரில் அமர்ந்திருப்பவருக்கும் இடையே 18 டெசிபெல் வேறுபாடு. அதோடு பெட்டி மேலும் கீழுமாக ஒலியைப் பரப்புவதால் அதில் பெரும்பகுதி கூரையிலும் பக்கச் சுவரிலும் போய் மோதுகிறது. 60 பேர் இருக்கும் நம் கூடத்தில் இத்தகைய பெட்டியிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர் தாண்டினாலே நேர் ஒலியைவிடத் திரும்பி வரும் ஒலி மிகுந்துவிடும்.

இரண்டாவது, கூரையில் பதிக்கும் சீலிங் ஸ்பீக்கர்கள். இவற்றை 100 வோல்ட் லைனில் இணைப்பார்கள். ஒரே ஒயரில் பல ஸ்பீக்கர்களைக் கோத்து, ஒவ்வொன்றும் எத்தனை வாட் எடுக்க வேண்டும் என்பதை அதனதன் டிரான்ஸ்ஃபார்மரில் தேர்ந்துகொள்ளலாம். தாழ்வான ஃபால்ஸ் சீலிங் உள்ள அறைக்கு இது நன்கு பொருந்தும். 3 மீட்டர் உயரக் கூரையிலிருந்து 90 பாகையில் விரியும் ஒலி, அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில் 3.6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை நிறைக்கும். நம் கூடத்தின் தரைப்பரப்புக்குப் பதினைந்து முதல் இருபது ஸ்பீக்கர்கள் வேண்டியிருக்கும். எல்லா வரிசைக்கும் ஒரே அளவில் ஒலி கிடைப்பது இதன் பெரும்பலம். ஆனால் 5 மீட்டர் உயரக் கூரையில் அதே ஸ்பீக்கர் காதிலிருந்து விலகிப்போய்விடுவதால் தெளிவு குறைகிறது. படிப்படியாக உயரும் இருக்கைகள் உள்ள கூடத்தில் முன்வரிசைக்கு ஓர் உயரம், பின்வரிசைக்கு வேறு உயரம் என்று சீர்மையும் கெடுகிறது. பேசுபவர் முன்னே நிற்க, குரல் உச்சந்தலையிலிருந்து வருவதும் கவனத்தைச் சிதறடிக்கும். உயரமான கூடத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவதுதான் நம் கூடத்துக்குப் பொருத்தமானது: சிறு ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டுக்கு அடுக்கிய ஒல்லியான பெட்டி. ஒலி அமைப்பாளர்கள் இதைக் காலம் (column, அதாவது தூண்) ஸ்பீக்கர் என்பார்கள். கோயில் விழாக்களிலும் பொதுக்கூட்டங்களிலும் இதன் பழைய வடிவத்தைப் பார்த்திருப்போம். ஒரே ஒலியை நெடுக்கே அடுக்கிய பல வாய்கள் எழுப்பும்போது, அவை பக்கவாட்டில் அகலமாகவும் மேல்கீழாகக் குறுகலாகவும் பரவுகின்றன. அதனால் கூரைக்கும் தரைக்கும் போய் வீணாகும் ஒலி குறைந்து, அமர்ந்திருப்பவர்களின் காதுகளை நோக்கி மிகுதியாகச் செல்கிறது. பெட்டியின் நீளம்தான் இங்கே முக்கியம். 1 மீட்டர் நீளமுள்ள பெட்டியால் அதே அலைநீளம் கொண்ட ஏறக்குறைய 345 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைத்தான் நன்றாகக் கட்டுப்படுத்த முடியும். அரை மீட்டர்ப் பெட்டிக்கு அந்த எல்லை 690 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. விலை குறைவு என்று குட்டையான பெட்டியை வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். மேடையருகே சுவரில் இரண்டு, கூடத்தின் நடுவில் பக்கச் சுவர்களில் இரண்டு என்று நான்கு போதும்.

நடுவில் வைக்கும் இரண்டுக்கும் ஒலியைத் தாமதப்படுத்தி அனுப்பியே தீர வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 348 மீட்டர் செல்கிறது. முன்பக்கப் பெட்டியின் ஒலி 9 மீட்டர் கடந்து நடுவை அடைய 26 மில்லிநொடி ஆகும். அந்தத் தாமதத்தோடு இன்னும் பத்துப் பதினைந்து மில்லிநொடி சேர்த்தால் குரல் மேடையிலிருந்தே வருவதாகக் காது உணரும். முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே செவி ஏற்கிறது என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து காட்டினார். பழைய மிக்ஸர் ஆம்பிளிஃபயர்கள் பலவற்றில் தாமதம் வைக்கும் வசதி கிடையாது. ஆகவே தாமதத்தை அமைத்துத் தரும் ஒரு சிறிய டிஜிட்டல் ஒலிக் கருவியையும் சேர்த்து வாங்க வேண்டும். விலைப்புள்ளியில் அது விடுபட்டிருந்தால் அந்த விலைப்புள்ளி முழுமையற்றது.

நான்காவது, மின்னணு முறையில் ஒலிக்கற்றையின் திசையைத் திருப்பும் நெடும்பெட்டிகள். பெட்டி சுவரில் நேராக நிற்கும். உள்ளிருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஆம்பிளிஃபயரும் தாமதமும் கொடுத்துக் கற்றையைக் கீழே சாய்ப்பார்கள். கூரையைத் தொட முடியாத பழங்கட்டடங்களுக்கும் பெரிய வழிபாட்டிடங்களுக்கும் இது அருமையான தீர்வு. 18 மீட்டர்க் கூடத்துக்கு இவ்வளவு செலவிடத் தேவையில்லை. அந்த வித்தியாசத் தொகையில் கூரையையே சரிசெய்துவிடலாம்.

கூரைக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கூரைப் பரப்பு 216 சதுர மீட்டர். தம்மேல் படும் ஒலியில் 70 விழுக்காட்டை உறிஞ்சும் மினரல் ஃபைபர் பலகைகளை அங்கே பொருத்தினால், 60 பேர் அமர்ந்த வகுப்பின் எதிர்முழக்கம் 2.7 நொடியிலிருந்து ஏறக்குறைய 0.8 நொடிக்கு இறங்குகிறது. எந்த ஒலிபெருக்கியும் இதைச் செய்யாது. இதற்குப் பிறகு பழைய பெட்டிகளே முன்பைவிடத் தெளிவாகப் பேசும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கூரைக்கே என் ஓட்டு. பலகைகளை அடித்ததும் மின்விசிறிகளின் இரைச்சலையும் பார்க்க வேண்டும். குரல் பின்னணி இரைச்சலைவிடக் குறைந்தது 15 டெசிபெல் மேலே இருந்தால்தான் வகுப்பு சிரமமின்றி நடக்கும்; உராயும் பழைய விசிறிகள் அதைக் கெடுத்துவிடும்.

மைக் தேர்வில் பலர் தவறுகிறார்கள். மேசையில் பொருத்திய, வளையும் தண்டுள்ள கூஸ்நெக் மைக், ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் நகர்ந்ததும் பயனற்றுப்போகிறது. கையில் பிடிக்கும் கார்ட்லெஸ் மைக் நன்றாக ஒலிக்கும், ஆனால் எழுதும் கையைப் பறித்துக்கொள்ளும். காலர் மைக் வாயிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, தலையைத் திருப்பினால் குரல் தேய்கிறது. சத்தத்தை ஏற்றினால் ஊளையிடுகிறது. ஹெட்செட் மைக் இரண்டரை சென்டிமீட்டரில் வாயோடு கூடவே திரும்புகிறது. 20லிருந்து இரண்டரைக்கு வருவது எட்டில் ஒரு பங்குத் தொலைவு, அதாவது 18 டெசிபெல் ஆதாயம். ஊளை அறவே குறைவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. கம்பியில்லா மைக் எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்பதையும் வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியின் பெரும்பங்கு கைபேசிச் சேவைக்கு ஏலத்தில் போனதால், அதில் இயங்கிய மைக்குகளை 2020 ஜூலை 13க்குப் பிறகு பயன்படுத்தத் தடை வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை வைஃபையோடு இடம் பகிர வேண்டியவை. 240 பேரின் கைபேசிகள் உள்ள கூடத்தில் அதைச் சோதித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

செவித்திறன் குறைந்த மாணவர்களுக்காகத் தரையோரம் ஒரு தூண்டல் வளையக் கம்பியைப் பதிப்பது இந்த வேலையோடு சேர்த்தே செய்யப்பட வேண்டியது. டி-காயில் என்ற சிறு கம்பிச்சுருள் உள்ள செவிக்கருவிகள், அந்த வளையம் எழுப்பும் காந்தப்புலத்தின் வழியே மைக்கின் ஒலியை நேரடியாகப் பெறும், எதிர்முழக்கம் அவர்களைத் தொடவே தொடாது. தரையை உடைத்து முடித்தபின் நினைவுக்கு வந்தால் செலவு பலமடங்காகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 நடைமுறையில் இருக்கும் நாட்டில் இதைக் கூடுதல் வசதி என்ற தலைப்பில் தள்ளிவைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஒப்பந்தப்புள்ளியில் வாட் அளவுக்குப் பதிலாக, பேச்சுப் புரிதலை 0 முதல் 1 வரை அளக்கும் எஸ்டிஐ மதிப்பு எல்லா வரிசையிலும் 0.6க்குக் குறையக் கூடாது என்று எழுதலாம். அளவீடு கூடத்தில் அறுபது பேர் மட்டும் அமர்ந்திருக்கையில், எல்லா மின்விசிறிகளும் ஓடிக்கொண்டிருக்க, கடைசி வரிசையின் இரு மூலைகளிலும் நடக்க வேண்டும் என்பதையும், அதன் பிறகே இறுதித் தவணை வழங்கப்படும் என்பதையும் அதே பத்தியில் சேர்த்துவிட வேண்டும்.