ஜன்னல் ஆன்டெனாவில் டெக்சாஸின் 2023: எல்லாம் வந்தது, 8-ம் சேனல் மட்டும் வரவில்லை

டல்லாஸுக்கு வடக்கே உள்ள பிளேனோவுக்கு வீடு மாறும் நண்பர் ஒருவர், "கேபிள் எடுக்கணுமா, உங்க ஜன்னல் ஆன்டெனாவே போதுமா?" என்று கேட்டார். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் தட்டை ரகம் அது. 2023 முழுக்க எங்கள் ஃப்ரிஸ்கோ வீட்டுக்கு டெக்சாஸ் செய்தியும் விளையாட்டும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வந்தன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி கடைசியில் சாலையெல்லாம் பனிக்கட்டியாக உறைந்தபோது மின்சாரம் இருந்தது, இணையம் போய்விட்டது. எந்தப் பள்ளி மூடியிருக்கிறது, எந்த நெடுஞ்சாலையில் போக முடியாது என்று இதில்தான் தெரிந்துகொண்டோம். ஆகஸ்ட் 10 அன்று மாநிலத்தின் மின் தேவை 85,508 மெகாவாட் என்ற புதிய உச்சத்தைத் தொட்டதும், செப்டம்பர் 6 மாலை மின்தொகுப்பு அவசரநிலைக்குப் போனதும் உள்ளூர்ச் செய்தியில் உடனுக்குடன் வந்தன.

அப்புறம் அக்டோபர். ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணி டெக்சாஸுக்கு வந்தது 1972-ல். 2011-ல் கோப்பைக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் பாக்கி என்ற நிலைக்கு இரண்டு முறை வந்தும் கோட்டைவிட்ட அணி. இந்த முறை உலகத் தொடரின், அதாவது பேஸ்பால் இறுதித் தொடரின், எல்லா ஆட்டமும் ஃபாக்ஸில், அதாவது 4-ம் சேனலில், இலவசம். ஆர்லிங்டனில் நடந்த முதல் ஆட்டத்தில் 5-3 என்று பின்தங்கியிருந்தபோது ஒன்பதாவது இன்னிங்ஸில் கோரி சீகர் அடித்துச் சமன் செய்தார். பதினொன்றாவதில் அடோலிஸ் கார்சியா முடித்து வைத்தார். ஸ்ட்ரீமிங்கில் பார்த்த பக்கத்து வீட்டாருக்கு முன்பே நாங்கள் கத்திவிட்டோம். காற்றில் வரும் படத்துக்கு அந்தத் தாமதம் இல்லை. நவம்பர் 1 அன்று ஃபீனிக்ஸில் 5-0 என்று வென்று முதல் பட்டம். அந்தப் பிளேஆஃபில், அதாவது பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றுகளில், வெளியூரில் ஆடிய பதினொரு ஆட்டங்களிலும் வெற்றி! ஒரு நொடிகூடப் படம் நிற்கவில்லை.

சரி, இப்போது 8-ம் சேனல். ஏபிசி நிகழ்ச்சிகள் வரும் உள்ளூர்ச் சேனல் இது. டல்லாஸின் பெரிய சேனல்கள் செடர் ஹில் கோபுரங்களிலிருந்து வருகின்றன. மற்றவை அலைநீளம் குறைந்த யுஎச்எஃப் அலைவரிசையில் இருக்க, இது இன்னும் அலைநீளம் அதிகமான விஎச்எஃப்-இல் இருக்கிறது. அந்த அலையைச் சரியாகப் பிடிக்க ஆன்டெனா ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். ஓரடி அகலத் தகடு என்ன செய்யும்? படம் கட்டம் கட்டமாக உடையும், குரல் அறுபடும், பிறகு கறுப்புத் திரை. இதை அட்டைப்பெட்டியில் எங்காவது எழுதியிருக்க வேண்டாமா?

மே 6 சனிக்கிழமை, எங்களுக்குப் பக்கத்தில் ஆலனில் உள்ள கடைத்தொகுதியில் துப்பாக்கிச் சூடு. எட்டுப் பேர் இறந்தார்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் சனிக்கிழமை போகிற இடம். எல்லாச் சேனல்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். 8-க்கு வந்தபோதெல்லாம் பாதி வாக்கியம்தான் கேட்டது. அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

டிசம்பர் 2 அன்று பிக் 12 என்ற கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் லீகின் இறுதி ஆட்டம், அதுவும் 8-ம் சேனலில். டெக்சாஸ் பல்கலைக்கழக அணியான லாங்ஹார்ன்ஸ் அந்த லீகை விட்டுப் போகும் பருவம். ஓக்லஹோமா ஸ்டேட்டை 49-21 என்று நொறுக்கினார்கள். அவர்களின் குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸ் எறிந்தது 452 யார்டு. அதில் நான் பார்த்தது துண்டு துண்டாகத்தான்.

கிரிக்கெட்டை இதில் எதிர்பார்க்காதீர்கள். ஜூலை 13 அன்று கிராண்ட் பிரேரியில் மேஜர் லீக் கிரிக்கெட் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே நம் சென்னை அணியின் உறவான டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் 69 ரன்னில் வென்றது. அதற்குக் கட்டணச் சேனல்தான் வழி. ரேஞ்சர்ஸின் வழக்கமான பருவ ஆட்டங்களில் பெரும்பாலானவையும் அப்படியே. அது ஆன்டெனாவின் குற்றமில்லை.

ஆனால் 8-ஐ மன்னிக்க மாட்டேன். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. நண்பரே, இந்தத் தட்டை ரகத்தை வாங்காதீர்கள். நீளக் கம்பி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். கூரைக்கடியில் பரண் இருந்தால் அங்கே, செடர் ஹில் இருக்கும் தென்மேற்குப் பக்கம் திருப்பி வையுங்கள். வைத்த பிறகு சேனல்களை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும்.