பழைய ஜெர்மன் கார் வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய சொகுசு கார் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். முக்கியமாக அந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் செடான் ரகம்: பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், ஆடி ஏ4, மெர்சிடிஸ் சி கிளாஸ் மாதிரி. புதிதாக எடுத்தால் சாலைக்கு வரும்போது அரைக் கோடியைத் தாண்டும் வண்டி, ஏழெட்டு வருடம் கழித்து 14, 16 லட்சத்துக்கு வந்து நின்றால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

நான் வாங்கியது எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப் போவதில்லை, காரைச் செய்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. விற்ற கன்சல்டிங் (பழைய கார் வாங்கி விற்கும் கடை) பெயரும் இங்கே வராது. வழக்கு நடக்கிறது, வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார். உள்பெட்டியில் வந்து கேட்காதீர்கள்.

2017 மாடல், 2 லிட்டர் டீசல், 8 கியர் ஆட்டோமேட்டிக். 2024-ல் 15.75 லட்சத்துக்கு முடித்தேன். மீட்டரில் 48,000 கிலோமீட்டர். நிஜத்தில் அது 1,31,000 தாண்டி ஓடிய வண்டி.

"பொள்ளாச்சி டாக்டர் வண்டிங்ணா. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் போறதோட சரி. மழையில நனைஞ்சதே இல்லீங்க." இது கன்சல்டிங்காரர் சொன்னது. நம் ஊரில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதி டாக்டர் ஓட்டியது, மீதிப் பாதி டாக்டர் சம்சாரம் ஓட்டியது. இத்தனை கார் வைத்திருக்கும் டாக்டர்கள் எப்போது வைத்தியம் பார்க்கிறார்களோ தெரியவில்லை. பிறகு என் மெக்கானிக் சொன்னதுதான் வேடிக்கை: "அந்தக் கதை நெசமா இருந்தாலும் நாம வாங்கியிருக்கக் கூடாதுங்க." டீசல் வண்டியின் புகைக்குழாயில் டி.பி.எஃப் என்றொரு வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து சுத்தமாக வேண்டுமென்றால் வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் சூடேறி ஓட வேண்டும். தினம் நாலு கிலோமீட்டர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த டீசலில் அது அடைத்துக்கொண்டு நிற்கும். ஆக, குறைவாக ஓடியது என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள், நாமும் கேட்டுக்கொள்கிறோம்.

எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போனேன். பெயிண்ட் கனம் அளக்கும் கருவி வைத்துப் பார்த்தார், அடி வாங்கிய வண்டி இல்லை. ஸ்கேனர் போட்டார், வண்டி தன் கோளாறுகளைப் பதிந்துவைக்கும் எரர் கோடு (code) ஒன்றுகூட இல்லை. சர்வீஸ் ரெக்கார்டு கேட்டதற்குக் கம்பெனி சர்வீஸ் சென்டர் தலைப்போடு பி.டி.எஃப் வாட்ஸ்அப்பில் வந்தது. கடைசிப் பதிவு 44,000 சொச்சத்தில். "நானே நேரில் போய்க் கேட்டுக்கறேனுங்க" என்றேன். "சனி, ஞாயிறு சிஸ்டம் வேலை செய்யாதுங்ணா, திங்கக்கிழமை ஈரோட்டுப் பார்ட்டி ஒருத்தரு பணத்தோட வர்றாரு" என்றார்கள். அந்த ஈரோட்டுப் பார்ட்டி எல்லாக் கன்சல்டிங்கிலும் வருவார்.

டெலிவரி அன்று ஃபைனான்ஸ் கம்பெனித் தாள்களோடு சேர்த்து இன்னொரு தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். "வண்டி உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, மீட்டர் அளவுக்கு விற்பனையாளர் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் ஒரு வரி. கூடவே இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரு வருட வாரண்டி என்று தங்க எழுத்துப் போட்ட ஒரு புத்தகம்.

வண்டியைப் பற்றி நல்லது சொல்லாமல் போனால் பாவம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. நான் முன்பு வைத்திருந்த காரில் ஏறினால் பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றும், எனக்குக் கை வலிக்கும். இது வளைவுக்குள் நுழையும்போதே சாலையோடு ஒட்டிக்கொள்கிறது, திருப்பின அளவுக்குத் திரும்புகிறது, பிரேக்கை மிதித்த இடத்தில் நிற்கிறது. பின்சக்கரம் தள்ளிக்கொண்டு போகும் வண்டியை மலையில் ஓட்டிப் பழகிவிட்டால் வேறு எதிலும் மனசு ஒட்டாது. பெருந்துறை தாண்டி சேலம் சாலையில் 100-ல் போகும்போது உள்ளே சத்தமே இல்லை, லிட்டருக்கு 17 கொடுத்தது. கோவை, செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கும் ஊர், 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் ஊர். இங்கே வளர்ந்தவனுக்கு ஓட்டுகிற சுகம் தெரிந்த காரின் மேல் ஆசை வருவது இயல்புதான். கன்சல்டிங்காரருக்கும் அது நன்றாகவே தெரியும்.

ஆனால் நம் ஊர்ச் சாலைக்கும் இந்த ரகத்துக்கும் ஆகாது. தரைக்கும் வண்டி அடிக்கும் நடுவே 140 மில்லிமீட்டர் பக்கம்தான் இடைவெளி. ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கியில் கல்யாணச் சீரையும் ஏற்றினால் பல்லடம், காங்கேயம் உள்வழிகளில் ஊர்க்காரர்கள் அவரவர் வீட்டு முன் போட்டுவைத்த வேகத்தடை ஒவ்வொன்றிலும் வயிறு உரசும். இவற்றில் பல வண்டிகளுக்கு ஸ்டெப்னி கிடையாது. ரன்-ஃபிளாட் டயர், காற்றுப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் வரை போகலாம். போகலாம் சரி, தாராபுரம் சாலையில் ஞாயிறு ராத்திரி அந்தக் கெட்டி டயரைக் கழற்றும் மெஷின் எந்தப் பஞ்சர் கடையில் இருக்கும்? டயர் ஒன்றுக்கே 20,000-க்கு மேல் ஆகிறது. பின்சீட்டில் நடுவே மேடு, மூன்றாவது ஆள் காலை வைக்க இடமில்லை. என் அம்மாயி ஒரு தடவை ஏறினார், இறங்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. "குழிக்குள்ள உக்கோந்த மாதிரி இருக்குது கண்ணு, நீயே வெச்சுக்க" என்றுவிட்டார்.

இதெல்லாம் தெரிந்து வாங்குகிற குறைகள், அதில் புகார் இல்லை.

குளிர்காலம் வந்ததும் காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜினின் பின்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது ஒரு உதறல். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். அங்கிருந்த பையன் சேஸிஸ் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு, "சார், இந்த வண்டி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே 1,12,000-ல சர்வீஸ் ஆயிருக்கே" என்றார். சென்னையில் ஒரு கம்பெனி பெயரில் ஓடியிருக்கிறது. எனக்கு வந்த பி.டி.எஃப்-ல் இருந்த பில் நம்பர் ஒன்றுகூட அவர்கள் கணக்கில் இல்லை.

இந்த மாதிரி வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் பதிவதில்லை, வேறு சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிகிறது. சில கம்பெனிகளில் சாவிக்குள்ளேயே இருக்கும். திருத்தியவர் மீட்டரை மட்டும் திருத்திவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டிருக்கிறார். இன்னொரு பெட்டியிலிருந்து வந்த எண்தான் 1,31,000. ஸ்கேனரில் கோடு எதுவும் வராததற்கும் காரணம் தெரிந்தது: நாங்கள் போவதற்குச் சற்று முன்னால் அழித்திருக்கிறார்கள். அழித்தால் வண்டியின் சுயபரிசோதனைகள் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், அவை முடியாமல் பாதியில் நிற்பது ஸ்கேனரிலேயே தனிப் பக்கத்தில் தெரியும். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்குகள் நம் பக்கம் குறைவு.

எனக்கு ஆறாதது ஒன்று இருக்கிறது. 1,31,000 என்று உண்மையைச் சொல்லி, 11 லட்சம் கேட்டிருந்தால் நானே வாங்கியிருப்பேன். நெடுஞ்சாலையில் ஓடிய டீசல் இன்ஜினுக்கு அது பெரிய தூரமில்லை. பொய் மீட்டர் என் பணத்தோடு நிற்கவில்லை, வாங்கிய பிறகும் வண்டியைக் கெடுத்தது. கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம், வண்டி ஆயுசுக்கும் வரும் என்று சில கார் கம்பெனிகள் சொல்லும். ஆனால் பல ஜெர்மன் கார்களுக்கு இந்த 8 கியர் பெட்டியைச் செய்துதரும் இசட்.எஃப் கம்பெனியோ 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. 48,000 என்று நம்பியவன் எதற்கு மாற்றுவான்? கரகர சத்தம் போட்ட டைமிங் செயினும் (இன்ஜின் வால்வுகளை இயக்கும் சங்கிலி) அப்படித்தான். சில டீசல் இன்ஜின்களில் அது கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கும், பார்க்க வேண்டுமென்றாலே கியர்பாக்ஸை இறக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் இரண்டும் சேர்த்து 4 லட்சத்தைத் தாண்டியது.

வாரண்டி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். செயின் தேய்மானப் பொருளாம், அது சேராது. கியர்பாக்ஸ் கோளாறு "வாங்கும் முன்பே இருந்தது", அதனால் சேராது. சேர்ந்திருந்தாலும் ஒரு வருடத்துக்கு உச்சபட்சம் 50,000 ரூபாய்தான் என்று பதினோராம் பக்கத்தில் இருந்தது. கன்சல்டிங்காரரோ, "நாங்களும் அப்படியேதானுங்ணா வாங்குனோம், எங்களுக்கு என்னங்க தெரியும்" என்றார். கோடு அழித்தது யார் என்று கேட்டதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

போலீசில் கொடுத்த புகாருக்கு, புகார் வந்தது என்று தரும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்தது. நுகர்வோர் ஆணையம்தான் எனக்கு வழியாகத் தெரிந்தது. 2019 சட்டப்படி, வியாபாரி கோவையில் இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 10 லட்சத்திலிருந்து 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய். நம் ஆட்களுக்கு ஒன்று: வரிக்குத் தேய்மானக் கணக்கு காட்டலாம் என்று பனியன் கம்பெனி பெயரில், மில் பெயரில் கார் வாங்குவது நம் வழக்கம். அப்படி வாங்கினால் "வியாபாரத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாகவே எடுத்து வைக்கும். நான் என் பெயரில் வாங்கியிருந்தேன், தப்பித்தேன்.

நீங்கள் பார்க்கப் போகும் வண்டி எவ்வளவு மினுக்கினாலும், அட்வான்ஸுக்கு முன் சேஸிஸ் நம்பரோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு நேரில் போய்விடுங்கள். வெளியாளுக்குச் சொல்ல மாட்டோம் என்று சிலர் மறுப்பார்கள், விற்பவரைக் கூடவே அழைத்துப் போங்கள். வர மாட்டேன் என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். பி.டி.எஃப் எல்லாம் ரெக்கார்டு இல்லை. டயர் ஓரத்தில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் அந்த டயர் தயாரான வாரமும் வருடமும் இருக்கும். 40,000 ஓடிய வண்டியில் நாலு டயரும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். "இப்பத்தானுங்க ஓட்டிப் பார்த்தோம்" என்று சூடாக வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். 50, 60 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் போடுங்கள். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்த பிறகு அங்கிருந்து மலிவாக இறங்கும் வண்டிகளும், புதுச்சேரி நம்பர் வண்டிகளும் தனித் தலைவலி: தமிழ்நாட்டு வரி எவ்வளவு வரும் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்ட பிறகுதான் விலை பேச வேண்டும். கன்சல்டிங்காரரிடம் அங்கீகாரச் சான்றும் கேளுங்கள், பழைய வண்டி விற்பவர்களுக்கு 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். கேட்டதும் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

அதற்குப் பதில் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் அல்லது ஸ்கோடா ஸ்லாவியா 1.5 பெட்ரோல் வாங்கலாமே என்று மச்சான் அன்றைக்கே சொன்னான். 150 குதிரைத்திறன், வேகத்தடையில் உரசாத உயரம், கம்பெனி வாரண்டி. வால்பாறையில் அந்தச் சுகம் வராது என்று நான் இன்றும் வாதாடுவேன். ஆனால் ஒரே வண்டி வைத்திருக்கும் வீட்டுக்கு அவன் சொன்னதுதான் சரி. இரண்டாவது காராக, ரிப்பேருக்கென்று 3 லட்சம் தனியாக எடுத்துவைத்துவிட்டு வாங்குபவருக்கு மட்டும் இந்த ரகம்.

வழக்கில் எதிர்த்தரப்பு அந்தப் பொடி எழுத்துத் தாளைக் காட்டியிருக்கிறது. நாங்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும், "48 ஆயிரம் ஒரிஜினலுங்ணா, நான் கேரண்டி" என்று அவர் குரலிலேயே வந்த வாட்ஸ்அப் பதிவையும் கொடுத்திருக்கிறோம். இப்படிப் பேசியதை யாரும் அழித்துவிடாதீர்கள். புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் அவகாசம், ஏற்கெனவே வாங்கியவர்கள் இந்த வாரமே சேஸிஸ் நம்பரைக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.